ஐந்து பாட்டு, நான்காவதில் சண்டை

சாரா பரெலிஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் 'ஒன்ஸ் அப்பான் அனதர் டைம்' 2012 மே 22 அன்று வெளியானது. ஆல்பத்தைவிடச் சின்னதான, இபி எனப்படும் குறுந்தட்டு இது. மொத்தமே ஐந்து பாட்டு. முழுதாகக் கேட்டு முடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இந்தச் சின்னத் தட்டைப் பற்றி அவருடைய ரசிகர்களிடம் பேச்செடுத்தால் அரை மணியில் முடியாது. "அவர் செய்ததிலேயே இதுதான் மனசுக்கு நெருக்கம்" என்பார் ஒருவர். "ஐந்தும் ஐந்து திசையில் போகிறது, அதிலும் அந்த நான்காவது பாட்டு எதற்கு?" என்பார் அடுத்தவர். நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். கொஞ்ச காலம் அந்த நான்காவது பாட்டைத் தாண்டித் தாண்டித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தச் சண்டை பார்வைக்குப் பாட்டைப் பற்றியது போலத் தெரியும். என் கணக்கில், ஒரு குறுந்தட்டு எதற்காக இருக்கிறது என்பதில்தான் கேட்பவர்கள் பிரிகிறார்கள்.

முதலில் ஆளைப் பார்ப்போம். பரெலிஸ் 1979இல் கலிஃபோர்னியாவின் வடகோடியில் யுரீக்கா என்ற ஊரில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் படித்தபோது வாத்தியமே இல்லாமல் குரல்களால் மட்டும் பாடும் மாணவர் குழு ஒன்றில் இருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. 2007இல் வந்த 'லிட்டில் வாய்ஸ்' ஆல்பத்தின் 'லவ் சாங்' அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. கேட்டால் காதலனைத் திட்டுவது போல இருக்கும். உண்மையில் அது, ரேடியோவில் ஓடுகிற மாதிரி ஒரு பாட்டு எழுதிக் கொடு என்று ஒலிப்பதிவு நிறுவனம் கொடுத்த நெருக்கடிக்குப் பதிலாக எழுதப்பட்டது. "நீ கேட்டாய் என்பதற்காக நான் காதல் பாட்டு எழுத மாட்டேன்" என்று நிறுவனத்தைப் பார்த்துப் பாடிய பாட்டு அதே நிறுவனத்துக்குக் காசைக் கொட்டியது. கேட்ட கோடிக்கணக்கானவர்கள் அதைக் காதல் சண்டையாகவே எடுத்துக்கொண்டார்கள். பரெலிஸின் பாட்டுகளைப் பொறுத்தவரை, கேட்பவர் புரிந்துகொள்வதும் அவர் எழுதியதும் தனித்தனிப் பாதையில் போவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

'லவ் சாங்'கில் பியானோ எப்படி ஒலிக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு தாள அடிக்கும் ஒரு கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்து), டக் டக் டக் டக் என்று சம இடைவெளியில். பியானோவுக்குள் கம்பியை மீட்டுவது விரல் இல்லை. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி போய்க் கம்பியைத் தட்டுகிறது. அடிப்படையில் அது ஒரு தட்டும் வாத்தியம். 'லிட்டில் வாய்ஸ்' அந்தப் பக்கத்தைத்தான் முன்னுக்குக் கொண்டுவந்தது, பியானோ டிரம்ஸோடு சேர்ந்து வண்டியை இழுக்கும். அந்த ஆல்பத்தைத் தயாரித்த எரிக் ராஸ், இன்னொரு பியானோப் பாடகியான டோரி ஏமஸின் முதல் தனி ஆல்பத்தில் வேலை பார்த்தவர். அடுத்து 2010இல் 'கெலைடோஸ்கோப் ஹார்ட்'. இதைத் தயாரித்தவர் நீல் ஏவ்ரன். ஃபால் அவுட் பாய் போன்ற ராக் குழுக்களோடு பெயர் எடுத்தவர். ஒலி இன்னும் பளபளப்பானது, பெரிதானது. முதல் வாரத்தில் சுமார் 90,000 பிரதி விற்று, ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் இறங்கியது.

முதலிடம் பிடித்தவர் அடுத்ததாக என்ன செய்வார்? இன்னொரு பெரிய ஆல்பம்தான் என்று எல்லாரும் காத்திருந்த நேரத்தில் வந்ததுதான் இந்த ஐந்து பாட்டு.

இதற்குக் காரணமானவர், இதைத் தயாரித்த பியானோக்காரர் பென் ஃபோல்ட்ஸ். 1990களில் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் பென் ஃபோல்ட்ஸ் ஃபைவ் என்று ஒரு குழு வைத்திருந்தார். பெயரில் ஐந்து, ஆள் மூன்று பேர்: பியானோ, பேஸ், டிரம்ஸ். ராக் குழு, ஆனால் கிட்டார் கிடையாது. கிட்டார் செய்ய வேண்டிய ரகளையையெல்லாம் பியானோவை வைத்தே செய்தவர்கள். பரெலிஸும் ஃபோல்ட்ஸும் 2011இல் 'த சிங் ஆஃப்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியின் மூன்றாம் பருவத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நடுவர்களாக உட்கார்ந்தார்கள். வாத்தியம் இல்லாத குரல் குழுக்களுக்கான போட்டி அது. பென்டடானிக்ஸ் என்ற குழு ஜெயித்தது அந்தப் பருவத்தில்தான். ஃபோல்ட்ஸுக்கும் இந்த வகைப் பாட்டில் பழைய பித்து உண்டு. 2009இல் அமெரிக்கக் கல்லூரிக் குழுக்கள் அவருடைய பாட்டுகளை வெறும் குரலால் பாடியதைத் தொகுத்து ஓர் ஆல்பமாகவே வெளியிட்டார்.

ஆக, பியானோ வாசிக்கும் ஒருவர் பாட, பியானோ வாசிக்கும் இன்னொருவர் தயாரிக்கிறார். முதல் பாட்டு எப்படித் தொடங்கும் என்று நினைப்பீர்கள்? பியானோ இல்லாமல். பரெலிஸின் குரல் தனியாக வருகிறது, அப்புறம் அதன் அடியில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. வாத்தியங்கள் வந்து சேர நல்ல நேரம் ஆகிறது. 'கெலைடோஸ்கோப் ஹார்ட்'டும் இப்படி வெறும் குரலோடு தொடங்கிய ஆல்பம்தான். ஆனால் அங்கே அது வாசற்படி மாதிரி ஒரு சின்னத் துண்டு, தாண்டினால் உடனே கூடத்துக்குப் போய்விடலாம். இங்கே வாசற்படியையே அகலமாக்கி, கொஞ்சம் உட்கார் என்கிறார்கள். பாட்டின் விஷயமும் அதற்கேற்றது. தனக்குள் இருந்த பழைய, பயமில்லாத ஒரு பெண்ணை, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடிந்த ஒருத்தியை, தூரத்திலிருந்து பார்ப்பது.

இந்த முதல் பாட்டில் பெரும்பாலும் சண்டை இல்லை. பொறுமை இல்லாதவர்கள்கூட இதற்கு இறங்கிவருகிறார்கள். 'லவ் சாங்'கின் டக் டக்கைத் தேடி வந்தவர்களுக்கு மட்டும், எப்போது தொடங்கப் போகிறது என்று இருக்கும்.

இரண்டாவது 'ஸ்டே'. போகாதே, இரு என்று கேட்கும் மெதுவான பாட்டு. சோல் என்று சொல்லப்படும், மனம் உருகிப் பாடும் பழைய அமெரிக்கப் பாட்டுகளின் ஆட்டம் அதில் இருக்கிறது. குரல் ரசிகர்களின் செல்லப்பிள்ளை இதுதான், ஏனென்றால் அடக்கி அடக்கிப் பாடிவிட்டுக் கடைசியில் குரலை முழுதாக அவிழ்த்துவிடுகிறார். மூன்றாவது 'லை டு மீ', பொய் சொன்னவன்மேல் வரும் கோபம். டிரம்ஸும் பியானோவும் சேர்ந்து முட்டித்தள்ளும். ஃபோல்ட்ஸின் கைரேகை வெளிப்படையாகத் தெரிவது இங்கே. இது என்னை அவ்வளவாக இழுக்கவில்லை என்பதால் மேலே போகிறேன்.

நான்காவது 'ஸ்வீட் அஸ் ஹோல்'. தலைப்பின் மூன்று சொற்களையும் வேகமாகச் சேர்த்துச் சொன்னால், நடுவிலிருந்து ஆங்கிலத்தில் சகஜமாகப் புழங்கும் ஒரு கெட்ட வார்த்தை எட்டிப்பார்க்கும். எட்டிப்பார்ப்பதோடு நிற்காமல் பல்லவியில் அது நேராகவே உட்கார்ந்திருக்கிறது, துணைக்கு இன்னும் ஒன்றிரண்டு கூட்டாளிகளோடு. நான் பொதுவாக நல்லவள்தான், அன்பானவள்தான், ஆனால் அவன் இருக்கிறானே, அவள் இருக்கிறாளே என்று போகும் பாட்டு. மெட்டோ பழைய காலத்து மதுக்கடைப் பியானோ போலத் துள்ளல். எல்லாரும் கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சேர்ந்து பாடலாம் என்பது போன்ற கோரஸ்.

இதில்தான் கேட்பவர்கள் பிரிகிறார்கள். குழந்தைகளோடு காரில் போகும்போது போட முடியாது என்பது ஒரு குறை, நியாயமானதுதான். ஒரு தடவை சிரிக்கலாம், பத்தாவது தடவை சிரிப்பு வராது என்பது இன்னொன்று. நகைச்சுவைப் பாட்டுக்கு எந்த மொழியிலும் இருக்கும் வியாதி இது. ஆனால் அடிக்கடி காதில் விழும் குறை வேறு: அந்த அழகான இரண்டு பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவில் இது எதற்கு?

அவரை மேடையில் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மேடையில் பரெலிஸ் பாட்டுக்கு நடுவே பேசுபவர், தன்னையே கிண்டல் செய்துகொள்பவர், வாயில் கெட்ட வார்த்தை தாராளமாக வரும். கண்கலங்க வைக்கும் பாட்டைப் பாடி முடித்த அடுத்த நிமிடம் ஒரு கொச்சையான நகைச்சுவை சொல்வார். அவர்களுக்கு 'ஸ்வீட் அஸ் ஹோல்' தெரிந்த ஆள் தெரிந்த மாதிரி பேசுவது. ரேடியோவில் மட்டும் கேட்டவர்களுக்கு, மரியாதையான பெண் திடீரென்று ரோட்டில் நின்று திட்டுவது. ஒரே பாட்டு, ஆனால் யார் எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்பதைப் பொறுத்து அது வேறு பாட்டாகிவிடுகிறது.

ஃபோல்ட்ஸ் வழியாக வந்தவர்கள் மூன்றாவது ரகம். அவருடைய பாட்டுகளில் வசவும் உருக்கமும் ஒரே மூச்சில் வரும் என்பது பழகிப்போன விஷயம். அவர்களில் சிலருக்கு இந்தப் பாட்டு பிடிக்காமல் போவதற்குக் காரணம் கெட்ட வார்த்தை இல்லை. இது ஃபோல்ட்ஸ் பாணியின் நகல் மாதிரி இருக்கிறது, பரெலிஸைக் காணோம் என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இதோடு ஒரு எளிய கணக்கும் சேர்கிறது. 'கெலைடோஸ்கோப் ஹார்ட்'டில் 13 பாட்டு. அதில் ஒன்று பிடிக்காவிட்டால் நூற்றுக்கு எட்டுப் பங்குகூட இல்லை. தாண்டிவிட்டுப் போகலாம், மறந்தும்விடலாம். ஐந்தில் ஒன்று பிடிக்காவிட்டால் இருபது பங்கு போச்சு. இரண்டு பிடிக்கவில்லை என்றால் தட்டே பிடிக்கவில்லை என்ற உணர்வு வந்துவிடும். குறுந்தட்டுகளைப் பற்றிய கருத்துகள் எப்போதும் இரண்டு ஓரங்களுக்கு ஓடுவதற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம். வெளியான வருஷத்தின் சூழலும் கூடவே உண்டு. 2012இல் அமெரிக்காவில் ஸ்பாட்டிஃபை வந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. பெரும்பாலோர் ஐடியூன்ஸ் என்ற இணையக் கடையில் பாட்டு பாட்டாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்து வாங்குபவர் பாட்டை எண்ணுவார். இன்றைக்கு மாதச் சந்தாவில் கேட்பவருக்கு ஐந்தும் ஒன்றுதான் ஐம்பதும் ஒன்றுதான். பிடிக்காததைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார், கோபம் வராது.

இபி என்ற இந்த வடிவமே காசுக்கணக்கில் பிறந்தது. ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949இல் நிமிடத்துக்கு 45 சுழற்சி கொண்ட ஏழு அங்குலச் சின்னத் தட்டைக் கொண்டுவந்தது. போட்டி நிறுவனமான கொலம்பியாவின் பெரிய எல்பி தட்டோ பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குமேல் தாங்கியது. அதற்குப் பதிலடியாக 1952இல் அதே சின்னத் தட்டில் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி, பக்கத்துக்கு இரண்டு பாட்டு வீதம் ஆர்.சி.ஏ. அடைத்ததுதான் இபி. நம் ஊரில் சினிமாப் பாட்டு சேர்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு, உறையில் படத்தின் ஸ்டில், கிராமபோன் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய் போட்ட லேபிள். பழைய தட்டு விற்கும் கடைகளில் இன்றும் கிடைக்கும். பரெலிஸின் இபி பதிவானது நாஷ்வில்லில். அங்கே அப்போது ஃபோல்ட்ஸ் கையில் இருந்த ஸ்டுடியோ, 1960களில் இதே ஆர்.சி.ஏ.வுக்காகக் கட்டப்பட்ட ஸ்டுடியோ ஏ. பெரிய வாத்தியக் குழுவையே உட்கார வைக்கக் கட்டிய பெரிய அறை அது. இபியைக் கண்டுபிடித்தவர்களுக்காகக் கட்டிய அறையோடு ஓர் இபிக்கு இப்படி ஒரு சொந்தம்.

இப்போது தட்டும் இல்லை, பள்ளமும் இல்லை. நான்கிலிருந்து ஆறு பாட்டு, அரை மணிக்குள் என்றால் இபி என்று இணைய இசைக் கடைகள் வகைபிரிக்கின்றன. அளவு மாறாமல் இருக்க, பயன்தான் மாறிவிட்டது. பியானோக்காரர்கள் இதை வைத்து என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் விளங்கும். டோரி ஏமஸ் 1992இல் வெளியிட்ட 'க்ரூசிஃபை' இபியில், அப்போது உலகையே உலுக்கிக்கொண்டிருந்த நிர்வாணா என்ற ராக் குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'டைப் பியானோவோடு மெதுவாகப் பாடினார். ஆல்பத்தில் இடமில்லாத குறும்பு, இபியில் பொருந்தியது. ஃபோல்ட்ஸ் 2003இலும் 2004இலும் மூன்று இபிகளை அடுத்தடுத்து விட்டார்: 'ஸ்பீட் கிராஃபிக்', 'சன்னி 16', 'சூப்பர் டி'. மூன்று பெயரும் புகைப்படக் கலையோடு தொடர்புள்ளவை. மனிதருக்குக் கேமராப் பைத்தியம் உண்டு. பெரிய ஆல்பத்துக்கு முன்னால் மேசையைச் சுத்தம் செய்வது போன்ற வேலை. பின்னால் 2006இல் அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்து, சிலவற்றின் ஒலிக்கலவையை மாற்றி, ஒரே ஆல்பமாகக் கொடுத்தார். ஒழுங்காகத்தான் இருந்தது, ஆனால் முதலில் வந்த சின்னத் தட்டுகளின் கசமுசா அழகு அதில் குறைந்துபோனது என்றே நான் நினைக்கிறேன்.

பழைய வீடுகளில் திண்ணை என்று ஒன்று இருந்தது. வீட்டோடு சேர்ந்தது, ஆனால் வீட்டுக்குள் இல்லை. கூடத்தில் பேச முடியாததைத் திண்ணையில் பேசலாம். கால்மேல் கால் போட்டு உட்காரலாம், உரக்கச் சிரிக்கலாம், யாரையாவது திட்டலாம். இரண்டு ஆல்பங்களுக்கு நடுவே வரும் இபியை நான் அப்படித்தான் பார்க்கிறேன். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் போய், கூடத்தில் இருப்பதுபோல ஏன் இல்லை என்று கேட்டால் பதில் வராது. 'ஐந்தும் ஐந்து திசையில் போகிறது' என்ற குறை முழுக்க உண்மை. குரல் அடுக்கிய ஒரு பாட்டு, ஒரு சோல், ஒரு ராக், ஒரு நையாண்டி, ஒரு ஜாஸ் வாசனை. இதை ஓர் ஆல்பமாக விட்டிருந்தால் நானும் அதே குறையைச் சொல்லியிருப்பேன்.

ஆனால் கடைக் கணக்கில் இது தோற்கவில்லை. இபியாக இருந்தும் பில்போர்டின் ஆல்பம் பட்டியலில் எட்டாம் இடத்தில் இறங்கியது. ரேடியோவை உலுக்கிய பாட்டு எதுவும் இதில் கிடையாது என்பதை வைத்துப் பார்த்தால், பெயரை நம்பி வாங்கியவர்கள் ஏராளம் என்று தெரிகிறது. அவர்களில் எத்தனை பேர் ஏமாந்ததாக நினைத்தார்கள், எத்தனை பேர் நெருங்கிவந்தார்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

பின்னால் நடந்தது தெரிந்த பிறகு கேட்டால் இந்தத் தட்டு இன்னும் வேறு மாதிரி ஒலிக்கும். கூட வாசித்துவந்த குழுவைப் பிரிந்து, லாஸ் ஏஞ்சலஸை விட்டு நியூயார்க்குக்குக் குடிபோய், 2013 ஜூலையில் 'த பிளெஸ்ட் அன்ரெஸ்ட்' ஆல்பத்தைக் கொடுத்தார். அதில் 'மன்ஹாட்டன்' என்று ஒரு மெதுவான பியானோப் பாட்டு. காதல் முறிந்தவர்கள் ஊரைப் பங்குபோடுவது போல. இபியின் கடைசிப் பாட்டான 'பிரைட் லைட்ஸ் அண்ட் சிட்டிஸ்கேப்ஸ்' அதற்கு அக்கா முறை. அதே நகர வெளிச்சம், அதே இரவு நேரப் பியானோ. முதல் பாட்டில் தொலைந்துபோன பழைய தன்னைப் பார்த்துப் பாடியவர், சில வருஷம் கழித்து எழுதிய 'வெயிட்ரஸ்' இசை நாடகத்தில் 'ஷீ யூஸ்ட் டு பி மைன்' என்ற பாட்டில் அதே பெண்ணிடம் திரும்பி வந்தார். அந்த நாடகம் 2016இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் மேடையேறியது. நாடகத்தின் வழியாக அவரைத் தெரிந்துகொண்டு பின்னோக்கி வருபவர்களுக்கு இந்த இபியின் முதல் பாட்டு ஒரு முன்னோட்டம். 2012இல் வாங்கியவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

மூன்றாவது முடிந்ததும் ஐந்தாவதுக்குத் தாவுவதை நான் விட்டதற்குக் காரணம் இந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை. ஒருநாள் கை வேலையாக இருந்ததால் தாண்ட முடியவில்லை, நான்காவது பாட்டு முழுதாக ஓடிவிட்டது. கும்பலாகச் சத்தம் போட்டுத் திட்டித் தீர்த்து அந்தப் பாட்டு நின்ற பிறகு, ஒரு பியானோ தனியாக, மெதுவாகத் தொடங்கியது. விருந்து முடிந்து எல்லாரும் போன பிறகு வீட்டில் ஒருத்தி மட்டும் பாத்திரத்தை எடுத்துவைப்பது போல இருந்தது. 'லை டு மீ' முடிந்த கையோடு கேட்டபோதெல்லாம் அது எனக்கு இன்னொரு சோகப் பாட்டாக மட்டும்தான் கேட்டிருந்தது.